ஆம்பளை இல்லாத பள்ளிக்கூடம்

1973 டிசம்பரில் ஒருநாள், மலேசியாவின் ஈப்போ நகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பக்கீர் முகம்மது, தன் ஒரே மகள் குல்ஜார் பேகத்தைச் சேர்ப்பதற்காக ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனார். கடைக்கு வந்திறங்கும் அரிசி மூட்டையைக் குத்திப் பார்ப்பதுபோல அந்தப் பள்ளியின் ஒவ்வொரு மூலையையும் பார்த்துவிட்டு, தலைமையாசிரியை மிஸஸ் சின்னின் அறையில் வந்து உட்கார்ந்தார். பேச்சு மலாயில் நடந்தது.

"ஆம்பளை வாத்தியார் எத்தன பேரு?"

"ஒருத்தரும் இல்ல."

"ஆபீஸ்ல?"

"எல்லாம் பொம்பளைங்கதான்."

"அங்க ஒருத்தர் புல்லு வெட்டிக்கிட்டு இருக்காரே?"

"தோட்டக்காரர். வயசு எழுபத்தொண்ணு. வாரத்துல ரெண்டு நாள்தான் வருவார்."

பக்கீர் ஜன்னல் வழியே அந்தக் கிழவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எந்த ரெண்டு நாள்?"

ஆண்பிள்ளைகளின் லட்சணம் அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவன் அமீர் கலப்புப் பள்ளியில் படித்தபோது பாடப்புத்தகத்தைவிட பக்கத்து பெஞ்சைத்தான் அதிகம் படித்தான் என்பது பக்கீரின் உறுதியான கருத்து. அதனால் மகள் விஷயத்தில் அவர் தெளிவாக இருந்தார். ஆண் வாடையே இல்லாத பள்ளியில் ஐந்து வருடம். அதற்குள் தையல், சமையல், கொஞ்சம் இங்கிலீஷ். பிறகு நல்ல இடமாகப் பார்த்து நிக்காஹ். குல்ஜாரை அவர் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

ஆண் இல்லாத இடத்தில் ஆண்கள் செய்யும் வேலையை யார் செய்வார்கள் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

குல்ஜாருக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மண்டபத்தில் இருநூறு நாற்காலிகளை அடுக்க வேண்டுமா? பிள்ளைகள்தான். தண்ணீர்க் குழாய் உடைந்து வராந்தா நனைகிறதா? பிள்ளைகள்தான். படம் காட்டும் புரொஜெக்டரில் ரீல் சிக்கிக்கொண்டதா? அதற்கும் இரண்டாம் படிவத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், ஒரு நிபுணி இருந்தாள், தலையில் இரட்டைப் பின்னலோடு. பள்ளித் தோட்டக்காரர் எழுபத்தொரு வயதில் ஏணியைத் தொடவே மாட்டார்.

நான்காம் படிவத்துக்கு வந்தபோது இந்தப் பழக்கம் முற்றிவிட்டது. அதற்குக் காரணம் பிசிக்ஸ் ஆசிரியை மிஸ் நல்லம்மாள். பிசிக்ஸில் அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் சின்ன வயதில், அவர் இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கரண்டு வந்த முதல் வாரமே ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டவர். அன்றிலிருந்து மின்சாரத்தை அவர் தூரத்திலிருந்துதான் மதித்தார். மின்சாரப் பாடம் என்றால் சோதனைக்கூடத்தின் வாசற்படியில் நின்றுகொள்வார்.

"சிவப்பு வயர அங்க மாட்டு. மெய்ன் ஆஃப்ல இருக்கான்னு மறுபடியும் பாரு. பாத்தியா? இன்னொரு தடவ பாரு. சரி, நான் கொஞ்சம் வெளிய நின்னுக்கிறேன், நீ சுவிட்ச போடு."

இப்படி வாசற்படியிலிருந்து கற்பிக்கப்பட்ட இருபத்திரண்டு பெண்கள், வருட முடிவில், மிஸ் நல்லம்மாள் தொடப் பயந்த எல்லாவற்றையும் தொட்டிருந்தார்கள்.

அந்த வருடம் புதிதாக வந்து சேர்ந்தவள் கருப்பம்மாள். செமோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றதும், குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து லோரிப் பட்டறையில் வேலை தேடிக்கொண்ட மாயாண்டியின் மகள். மூன்றாம் படிவம் வரை கலப்புப் பள்ளியில் படித்தவள். முதல் சோதனை வகுப்பில் நோட்டைத் திறந்து, கோடு போட்டு, பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு அழகாக உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆகியும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு ஜோடியாகப் போடப்பட்ட குல்ஜார் கேட்டாள்: "என்னா, ஆரம்பிக்கலயா?"

"நான் எழுதறதுக்குத் தயாரா இருக்கேன்லா. யாரு செய்வாங்க?"

"யாருன்னா?"

"எங்க ஸ்கூல்ல பசங்க செய்வாங்க. நம்பரு சொல்லுவாங்க. நாங்க எழுதுவோம்."

குல்ஜார் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இங்க பசங்க இல்ல. நான் வேணா எழுதறேன், நீ செய்யி."

கருப்பம்மாள் திருப்புளியை எடுத்தாள். முதல் நாளே இரண்டு பல்புகளைச் சுட்டுக் கருக்கினாள். மூன்றாவது எரிந்தது. அது எரிந்ததும், தான்தான் எரிய வைத்தோம் என்பதை நம்பாமல் அணைத்து அணைத்து ஏழு தடவை போட்டுப் பார்த்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் கையிலிருந்து திருப்புளியைப் பிடுங்குவதே குல்ஜாருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அதே வருடம் பள்ளியின் ஆண்டு விழாவில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது மேடை விளக்குகள் அணைந்தன. ராஜா வேடம் போட்ட பெண் இருட்டில் மந்திரி வேடம் போட்ட பெண்ணின் தாடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். குல்ஜாரும் கருப்பம்மாளும் மேடைக்குப் பின்னால் டார்ச்சோடு ஓடி, மெய்ன் சுவிட்சை இறக்கி, எரிந்துபோன ஃபியூஸ் கம்பியை மாற்றினார்கள். மிஸ் நல்லம்மாள் பாதுகாப்பான தூரத்தில் நின்று சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். குல்ஜார் சுவிட்சை ஏற்றினாள். மண்டபத்தில் இருந்த அறுநூறு பேரும் ஒரே மூச்சில் "ஹா" என்றார்கள்.

அந்த "ஹா" குல்ஜாருக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இனி வாழ்க்கையில் வேறு எந்த வேலையும் தனக்கு ருசிக்காது என்று அவளுக்கு அன்றே தெரிந்தது. வீட்டில் மட்டும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது.

அவள் நான்காம் படிவத்தில் பிசிக்ஸ் எடுத்த அன்றே பக்கீர் கடையில் விசாரித்திருந்தார். கடையில் இங்கிலீஷ் விஷயங்களுக்கு ஒரே அதிகாரி ஐயாவு. செமோர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வந்து உட்கார்ந்தால் மூன்று தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய டீ, முடியும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"கிராணியாரே, எம்மக பிசிக்ஸ் படிக்கப் போறாளாம். அப்படின்னா என்னா?"

ஐயாவு கண்ணாடியைக் கழற்றினார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "பிசிஷியன்னா யாரு பாய்?"

"யாரு?"

"டாக்டரு. எங்க தோட்டத்துக்கு வெள்ளக்கார டாக்டரு வருவாரு, போர்டுல அப்படித்தான் போட்டிருக்கும். பிசிக்ஸ் படிச்சாத்தான் பிசிஷியன். இது அதுக்கு ஆரம்பம்."

பக்கீர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். அன்று காலை கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தே இலவசம். சமையலும் தையலும் அந்த நிமிடமே மறந்துபோயின. பெண்பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் டாக்டர், அதுவும் தன் மகள் என்றால் யாருக்குக் கசக்கும்?

மத்தியானம் பள்ளியிலிருந்து வந்த குல்ஜார் விஷயம் தெரிந்து பதறினாள். "அத்தா, அது டாக்டர் படிப்பு இல்ல."

"தெரியும்மா, இப்ப இல்ல. இது ஆரம்பம். கிராணியார் சொன்னாரு."

அவள் அம்மா ஜொஹரா பீவியிடம் ஓடினாள். ஜொஹரா பீவி வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டுவிட்டு, "உனக்கு அந்தப் படிப்புப் புடிச்சிருக்கா?" என்றாள்.

"ரொம்பப் புடிச்சிருக்கு."

"உங்கத்தாவும் சந்தோசமா இருக்காரு. ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கறப்ப நடுவுல நான் எதுக்குப் பேசணும்?"

குல்ஜாரும் பேசவில்லை. அதற்கான தண்டனை மறுநாளே தொடங்கியது.

அவர்கள் வீடு கடைக்கு மேல்மாடியில். படிக்கட்டு கடைக்குள்தான் இறங்கும். பள்ளிச் சீருடையில் அவள் இறங்கி வரும்போது ஐயாவு முழங்காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"பாப்பா, மடக்கினா கடகடங்குது. என்னான்னு பாரும்மா."

"மாமா, எனக்கு..."

"ஆரம்பத்துலதான் இருக்கேன்னு தெரியும். தெரிஞ்ச வரைக்கும் சொல்லு."

பின்னால் அத்தா பெருமையோடு நின்றுகொண்டிருந்தார். குல்ஜார் வேறு வழியில்லாமல், "சுடுதண்ணி நெறைய குடிங்க. தெனமும் நடங்க. சீனியைக் குறைங்க" என்றாள். யாருக்கும் கெடுதல் வராத மூன்று யோசனைகளாகப் பார்த்துத்தான் சொன்னாள்.

துரதிர்ஷ்டவசமாக ஐயாவுக்குக் குணமாகிவிட்டது.

அதன்பிறகு வரிசை. வாயுத் தொல்லைக்காரர், தலைசுற்றல்காரர், தெலுக் இந்தானிலிருந்து மீன் கொண்டுவரும் லோரிக்காரர். வந்தவர்கள் எல்லோருக்கும் சுடுதண்ணீர், நடை, சீனி குறைப்பு. ஒருவர் அழுகிய பல்லைக் காட்டியபோது மட்டும் குல்ஜார் பயந்துபோய், "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கத்தினாள். அதையும் அவர்கள் கண்டிப்பான டாக்டர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வாரமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். ஒவ்வொரு வாரமும் அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியேறிவிடுவாள். இப்படி நாலு வருடம் ஓடியது. ஆறாம் படிவத்தில் அவள் உயிரியலை விட்டுக் கணக்கை எடுத்ததைக்கூட, "டாக்டருக்குக் கணக்கும் வேணும்லா, மருந்த அளக்கணும்ல" என்று ஐயாவு விளக்கிவிட்டார்.

1981இல் பல்கலைக்கழக விண்ணப்பம் வந்தது. குல்ஜாரும் கருப்பம்மாளும் ஒரே மேசையில் உட்கார்ந்து முதல் விருப்பத்தில் மின் பொறியியல் என்று எழுதினார்கள். இரண்டாவது விருப்பத்திலும் அதையே எழுதலாமா என்று கருப்பம்மாள் கேட்டாள்.

உபகாரச் சம்பளத்துக்கான நேர்முகம் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நடந்தது. பக்கீர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் அவளுடைய விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"மின் பொறியியலா? இது ஆம்பளைங்க வேலைன்னு உனக்கு யாரும் சொல்லலயா?"

குல்ஜார் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். "இல்ல சார். எங்க ஸ்கூல்ல அதச் சொல்றதுக்கு ஆம்பளைங்க யாரும் இல்ல."

ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க முயன்று இருமினார். நடுவில் இருந்தவர் சிரிக்காமல், ஒரு தாளில் வரைபடம் போட்டு அதில் என்ன தப்பு என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அறியாமல் போட்டிருந்த இன்னொரு தப்பையும் சேர்த்துச் சொன்னாள்.

நேர்முகம் முடிந்ததும் அவரே வெளியே வந்து பக்கீரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் என்சிக். உங்க மக நல்ல ஜுருதெரா ஆயிடுவா."

மலாயில் ஜுருதெரா என்றால் எஞ்சினியர். ஜுருராவாட் என்றால் நர்ஸ். டாக்டர் என்ற சொல்லுக்காக நாலு வருடம் காதைத் தீட்டி வைத்திருந்த பக்கீருக்கு முதல் பாதி கேட்டதுமே மறுபாதி தானாக முடிந்துவிட்டது.

"நர்ஸா? எம்மக நர்ஸ் இல்ல! டாக்டர்! நாலு வருஷமா வைத்தியம் பாக்குறா!"

"வைத்தியமா?" அதிகாரி குல்ஜாரைத் திரும்பிப் பார்த்தார்.

"அத்தா, நர்ஸ் இல்ல..."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

"டாக்டரும் இல்ல அத்தா. எஞ்சினியர். கரண்டு எஞ்சினியர். ஆரம்பத்துலேர்ந்தே அதான். நான் சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

பக்கீர் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் புதுச் சட்டையின் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருடப் பெருமை இறங்குவதற்கு நேரம் எடுத்தது. பிறகு, விழுந்தவன் கைக்கு எட்டியதைப் பிடிப்பதுபோல, அதிகாரியிடம் கேட்டார்: "இந்தப் படிப்புல எத்தன புள்ளைங்க?"

"எண்பது பேர் இருப்பாங்க."

"பொம்பளைப் புள்ளைங்க?"

"இந்த வருஷம் ரெண்டோ மூணோ."

பக்கீர் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மகளை டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். மிஸஸ் சின்னின் அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆம்பளை இல்லாத ஸ்கூலுன்னுதானே இங்க அனுப்பினேன்?"

"ஆமா. இப்பவும் இல்ல."

"அப்புறம் எப்படி எம்மக எண்பது ஆம்பளைங்க இருக்கற கிளாசுக்குப் போறேங்கிறா?"

மிஸஸ் சின் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "அதனாலதான் என்சிக். இங்க ஒரு வேலைய எடுத்தா, இது உனக்கு வராது, கொடு நான் செய்யறேன்னு பிடுங்கறதுக்கு ஆள் இல்ல. இந்த வருஷம் எங்க இருபத்திரண்டு பேர்ல ஒம்பது பேர் எஞ்சினியரிங் கேட்டிருக்காங்க. நகரத்துல ஒரு கலப்புப் பள்ளி, அங்க எங்களவிடப் பொம்பளைப் பிள்ளைங்க ரெண்டு மடங்கு. எஞ்சினியரிங் கேட்டது ஒண்ணே ஒண்ணு."

பக்கீர் கணக்கை மனதுக்குள் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே விடைதான் வந்தது.

"அப்ப, நான் அவளப் பசங்களோட படிக்க விட்டிருந்தா, அவ இப்பப் பசங்களோட படிக்கப் போயிருக்க மாட்டாளா?"

"அப்படித்தான் தோணுது."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க தோட்டக்காரரப் பத்தித்தானே கேட்டீங்க."

சாயங்காலம் பக்கீர் மேல்மாடிக்கு வந்து, பெண்கள் மட்டும் படிக்கும் எஞ்சினியரிங் கல்லூரி எந்த நாட்டில் இருந்தாலும் அனுப்பத் தயார் என்று அறிவித்தார். அப்படி ஒன்று தனக்குத் தெரிந்து எங்கும் இல்லை என்று குல்ஜார் சொன்னாள். அழக்கூடாது என்று தீர்மானித்திருந்தாள். ஆனால் மூக்கு காட்டிக்கொடுத்தது.

"அத்தா, டாக்டர் விஷயத்துல நான் உண்மைய மறைச்சது தப்பு. அதுக்கு என்ன வேணா திட்டுங்க. ஆனா இந்தப் படிப்பு வேணாம்னு மட்டும் என்னச் சொல்லச் சொல்லாதீங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"எண்பது பேரும்மா! எண்பது ஆம்பளைங்க நடுவுல நீ எப்படி..."

அதுவரை அடுப்பங்கரையில் இருந்த ஜொஹரா பீவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் குரலை உயர்த்திப் பேசுகிறவள் இல்லை.

"நம்ம கடையில ஒரு நாளைக்கு எத்தன பேரு சாப்புடுறாங்க?"

"இரநூறு, இரநூத்தம்பது. அதுக்கென்ன இப்ப?"

"அதுல பொம்பளைங்க?"

பக்கீர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, முதல் விரலிலேயே நின்றார்.

"இந்தப் புள்ள பொறந்ததுலேர்ந்து தெனமும் இரநூறு ஆம்பளைங்க நடுவுலதான் படியிறங்கி ஸ்கூலுக்குப் போறா. அத்தன பேருக்கும் வைத்தியம் வேற பாத்திருக்கா. நீங்க எண்பதுக்குப் பயப்படுறீங்க."

இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கடையை நடத்திவரும் பக்கீருக்கு, அதற்குள் இருப்பவர்கள் ஆண்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர்கள் வாடிக்கைக்காரர்கள். கீழேயிருந்து யாரோ பரோட்டா கேட்டுச் சத்தம் போட்டார்கள். அவர் எழுந்து போனார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அந்த மாயாண்டி மகளும் போறாளா?" என்று மட்டும் கேட்டார். போகிறாள் என்றாள் குல்ஜார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கணும்" என்றார். அதுதான் சம்மதம்.

மிச்சம் இருந்தது நோயாளிகள். மறுநாள் காலை குல்ஜார் படியிறங்கி ஐயாவு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஐயாவு கண்ணாடியைக் கழற்றினார். தோட்டத்து டாக்டரின் பெயர்ப் பலகையை அவர் மனசு மறுபடியும் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அப்ப நாலு வருஷமா நான் குடிச்ச சுடுதண்ணி?"

"அது நல்லதுதான் மாமா. நிறுத்தாதீங்க."

"பாய்கிட்ட நான்தானே சொன்னேன்" என்று முனகியவர், அன்று மூன்றாவது தே தாரிக்கைக் குடிக்காமலே எழுந்து போனார். இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, எஞ்சினியர் என்றால் என்ன என்று பக்கத்து மேசைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

குல்ஜாரும் கருப்பம்மாளும் அந்த வருடமே கோலாலம்பூருக்கு ரயிலேறினார்கள். எண்பத்திரண்டு பேரில் பெண்கள் அவர்கள் இருவர்தான். எண்பது பையன்களும் முதல் மாதத்தில் அவர்களைப் பார்த்து மிரண்டு ஒதுங்கினார்கள். இரண்டாம் மாதம் வீட்டுப்பாடத்துக்கு வழி கேட்டு வந்தார்கள். அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு வேறு இடத்தில் இருந்தது. பொறியியல் கட்டடத்தைக் கட்டியவர்கள் அதற்குள் பெண்கள் வருவார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. பெண்கள் கழிவறை ஒரு குன்றைத் தாண்டி நூலகத்தில்தான் இருந்தது. இருவரும் மாறி மாறி ஓடினார்கள். ஒருத்தி ஓடும்போது மற்றவள் இருவருக்கும் சேர்த்துக் குறிப்பெடுப்பாள். முதல் வருடம் ஒரு மனு எழுதினார்கள். இரண்டாம் வருடம் அடுத்து வந்த ஐந்து பெண்களும் சேர்ந்து ஏழு கையெழுத்தோடு இன்னொன்று. மூன்றாம் வருடம், கட்டடத்தின் வரைபடத்தைத் தாங்களே வரைந்து, குழாய் எங்கே வரவேண்டும், விளக்கு எங்கே வரவேண்டும் என்று குறித்து, மூன்றாவது மனுவோடு இணைத்துக் கொடுத்தார்கள். அதற்குமேல் மறுக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை; கழிவறை வந்தது.

இதையெல்லாம் குல்ஜார் வீட்டுக்குக் கடிதத்தில் எழுதுவாள். பக்கீர் அதைக் கடையில் வாசிக்க மாட்டார். ஆனால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்.

1985இல் பட்டமளிப்பு விழாவுக்குக் குடும்பம் முழுவதும் வந்தது. போட்டோ எல்லாம் எடுத்து முடிந்த பிறகு பக்கீர் மகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த இடத்தக் காட்டு."

"எந்த இடம் அத்தா?"

"நீங்க எழுதிக் கேட்டு வாங்கினீங்களே, அது."

பட்ட அங்கியோடு குல்ஜார் அவரைப் பொறியியல் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போனாள். பக்கீர் முகம்மது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரியாதையான தூரத்தில் நின்று, கதவில் பெண்கள் என்று மலாயில் எழுதியிருந்த பலகையைப் படித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கதவுக்கு மேலே இருந்த விளக்கைச் சுட்டிக்காட்டி, "இது யாரு போட்டது?" என்று கேட்டார்.

"கருப்பம்மாளும் நானும்."

அவர் தலையாட்டினார். அப்போது கதவைத் திறந்துகொண்டு உள்ளேயிருந்து நாலைந்து மாணவிகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பக்கீர் அவசரமாக ஒதுங்கிச் சுவரோடு ஒட்டி நின்று, அவர்கள் போக வழி விட்டார்.